குட்டிக்கரணமும் நாலு கட்டமும்

'சாயுகி' என்பது ஜப்பானின் கோயி நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட வீடியோ கேம். 2001இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெயரோடு 'ஜர்னி வெஸ்ட்' என்ற வாலும் சேர்ந்தது. சதுரங்கம் போல முறைவைத்து, கட்டம் கட்டமாக ஆட்களை நகர்த்திச் சண்டையிட வேண்டும். ஆனால் இங்கே சிப்பாய்க்கும் ஒரு சுயசரிதை உண்டு; சண்டை போடப் போட லெவல் ஏறும்.

கதை, 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான 'சீ யூ ஜி'யிலிருந்து வந்தது. பெயருக்கு 'மேற்குப் பயணம்' என்று பொருள். ஜப்பானிய வாயில் அது 'சாயுகி'. பௌத்த சுவடிகளைத் தேடி ஒரு துறவி சீனாவிலிருந்து இந்தியா வருகிறார். துணைக்கு ஒரு குரங்கு, ஒரு பன்றி, ஓர் ஆற்றுப் பூதம். இந்தப் பரிவாரத்தை எந்த ஊர்ச் சத்திரத்தில் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதே தனி ஆராய்ச்சிக்குரியது.

குரங்கின் பெயர் சுன் வூகோங். ஜப்பானில் சோன் கோக்கூ. கல்லில் பிறந்தவன். ஒரு குட்டிக்கரணம் அடித்தால் 1,08,000 லீ (சீனத் தூர அளவு) தாண்டுவான். நாவல் கணக்கில் சீனத் தலைநகரிலிருந்து புத்தர் இருக்குமிடத்துக்கும் அதே 1,08,000 லீதான். அப்பேர்ப்பட்டவன் விளையாட்டில் ஒரு முறைக்கு நாலு கட்டம் நடந்துவிட்டு, எதிரி அடிக்கும்வரை கைகட்டி நிற்கிறான். சொர்க்கத்துப் பீச் பழங்களையும் சாகாவரக் குளிகைகளையும் திருடித் தின்ற அதே ஆசாமிக்கு, உயிர்ப்புள்ளி குறைந்தால் மருந்து கொடுக்க வேண்டும்.

கோயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாவலாசிரியரே குரங்கை நடக்கத்தான் விட்டார். சாதாரண மனித உடம்பு மலையாய்க் கனக்கும், அதைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது என்று ஒரு காரணமும் சொல்லிவைத்தார். 100 அத்தியாயம் எழுத வேண்டுமல்லவா? துறவிக்கு 81 இடர்கள் விதிக்கப்பட்டிருந்தன. சுவடிகள் கைக்கு வந்தபின் கணக்குப் பார்த்தால் 80தான் தேறியது. மேலிடம் விடவில்லை, திரும்பும் வழியில் அவர்களை வானத்திலிருந்து இறக்கி, ஆற்றில் நனைத்துக் கணக்கை நேர்செய்தது. விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது.

விளையாட்டில் உருமாற்றமும் உண்டு. துணைவர்கள் பெரிய மிருக வடிவம் எடுத்துச் சிறிது நேரம் விளாசலாம். அதற்கான சக்தி தீர்ந்தால் பழைய உருவம். நாவலில் வூகோங்குக்கு 72 உருமாற்றங்கள். ஒருமுறை கோயிலாக மாறினான். வாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்பக்கம் கொடிக்கம்பமாக நட்டு மாட்டிக்கொண்டான். துறவி சான்ஸோ மட்டும் உருமாறுவதில்லை. காவல் தெய்வங்களை அழைக்கிறார். அவர் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். ஜப்பானியருக்கு இது அதிர்ச்சியல்ல. இதே கதையை வைத்து எடுத்த 1978இன் தொலைக்காட்சித் தொடரிலேயே அந்த வேடத்தில் நடித்தவர் நட்சுமே மசாகோ என்ற நடிகை.

மூலத்தின் மூலம், அதாவது நிஜத் துறவி, நம் பாடப்புத்தகங்களில் வரும் யுவான் சுவாங். 7ஆம் நூற்றாண்டில் குரங்கில்லாமல் வந்தவர். நாளந்தாவில் படித்துவிட்டுக் காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கிருந்து இலங்கை போக ஆசை. அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டுக் கைவிட்டார். கடல்தாண்ட ஒரு குரங்கு தேவைப்பட்ட இடம் அதுதான். 645இல் 657 சுவடிகளோடு சீனத் தலைநகர் சாங்கானுக்குத் திரும்பினார். சுமந்தவை 20 குதிரைகள்.