மூச்சு வாங்கும் நகரம்: குஸ்கோ பயணத் திட்டத்தில் முதல் நாள் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் வரையறையும்

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள குஸ்கோ நகரைப் பற்றி வரலாற்றாசிரியர்களும் தொல்லியலாளர்களும் வேண்டிய மட்டும் எழுதிவிட்டனர். ஆனால் அந்நகரைக் காண விரும்புவோர், புறப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே காகிதம் விரித்து இயற்றும் பயணத் திட்டம் என்னும் இலக்கிய வகை உரிய மதிப்பைப் பெற்றதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்குப் ‘பயணத் திட்டம்’ என்பது, விடியற்காலை முதல் இரவு வரை கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் இடமாக நிரப்பி, நிரப்பி முடித்த கணமே அவ்விடங்களைப் பாதி பார்த்தாயிற்று என்ற நிறைவைத் தரும் அட்டவணையைக் குறிக்கும்.

2. முன்னோடி இலக்கியம்

இத்துறையின் ஆதித் திட்டம் இன்காக்களின் தோற்றக் கதையிலேயே கிடைக்கிறது. குஸ்கோவில் 1539இல் பிறந்த இன்கா கார்சிலாசோ தே லா வேகா, 1609இல் வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ள மரபின்படி, மாங்கோ காபக், மாமா ஒக்யோ என்னும் இருவரை டிடிகாகா ஏரிப் பகுதிக்கு அனுப்பிய சூரியன், அவர்கள் கையில் ஒரு பொற்கோலைக் கொடுத்து, வழியெங்கும் அதை நிலத்தில் குத்திப் பார்க்குமாறும், ஒரே குத்தில் கோல் முழுதும் எங்கே புதைகிறதோ அங்கே தங்குமாறும் பணித்தது. அது புதைந்த பள்ளத்தாக்கே குஸ்கோ. விடுதி முன்பதிவோ இரண்டாம் நாள் நிகழ்ச்சி நிரலோ இல்லாத இந்த ஒற்றை வரித் திட்டத்தால் ஒரு நகரம் உண்டாகி, அது பின்னர் தவாந்தின்சுயு, அதாவது ‘நான்கு பகுதிகளின் கூட்டு’ என்று பெயர் பெற்ற பேரரசின் தலைநகராயிற்று. பேரரசு வளர்ந்தபின் கணக்கும் வளர்ந்தது; அதைக் காக்கக் ‘கிப்பு’ எனப்படும் முடிச்சுக் கயிறுகள் பயன்பட்டன. இன்றைய பயணியின் அட்டவணையில் கிப்புவின் முடிச்சுகள் அத்தனையும் இருக்கின்றன, கோலைத்தான் காணோம்.

3. முடிச்சுகளின் வகைகள்

முடிச்சுகளே வேண்டாம் என்று வாதிடுவது இக்கட்டுரையின் கருத்தன்று. மே முதல் செப்டம்பர் வரை வானம் வெளுத்து, இரவுகள் உறைபனியை எட்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மழை கொட்டும். இன்காக்கள் கட்டிய மச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்து செல்லும் இன்கா பாதை பிப்ரவரி முழுதும் மூடப்படுகிறது. மற்ற மாதங்களிலும் சுமைதூக்குவோர், வழிகாட்டிகள் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே அதில் அனுமதி உண்டு. ஜூன் 24 அன்று நடைபெறும் இன்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழாவைக் காண நினைப்பவர், ஊரே அன்று நிரம்பி வழியும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டிய ஏற்பாடு இன்றியமையாதது. சிக்கல், இம்முடிச்சுகளைப் போட்ட கை அதே வேகத்தில் முதல் நாளையும் முடிச்சுப் போடுவதில்தான் தொடங்குகிறது.

4. மூச்சு வாங்குதல்: சொல்லும் பொருளும்

கடற்கரை நகரமான லிமாவிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்கிவிடுகிறது. அங்குள்ள காற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனே; ஆனால் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. பையில் வைத்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் தலையணையாக உப்பியிருப்பதைக் கண்டு வியக்கும் பயணி, அதே காற்று தம் தலைக்குள்ளும் வேலை காட்டப் போகிறது என்பதை உணர்வதில்லை. ‘சொரோச்சே’ என்று அவ்வூர் மக்கள் வழங்கும் மலை நோய், அதாவது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றின் கூட்டணி, வந்து இறங்கிய உடனே தாக்குவதில்லை. பெரும்பாலும் ஆறு மணி நேரம் கழித்தே தலைகாட்டும். நண்பகல் வரை ஒன்றும் தெரியாததால் அட்டவணை வென்றுவிட்டதாகவே பயணி கருதுகிறார். இரவு உணவு மேசையில்தான் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது.

தமிழில் ‘மூச்சு வாங்குதல்’ என்பது மேல்மூச்சு கீழ்மூச்சு விடுவதைக் குறிக்கும் வழக்கு. குஸ்கோவின் மருந்துக் கடைகளில் சிறு உருளைகளில் ஆக்சிஜன் அடைத்து விற்பதால், காசு கொடுத்து மூச்சு வாங்கும் அவ்வூரில் இச்சொல் நேர்ப்பொருளையே பெற்றுவிடுகிறது. விடுதிகளில் வரவேற்பாகத் தரப்படும் கோக்கா இலைத் தேநீரும் ஆய்வுக்குரியது. கோப்பையில் வெந்நீரின்மேல் நாலைந்து பச்சை இலைகள் மிதக்க, வைக்கோல் மணமும் இளங்கசப்புமாக வரும் அந்நீரைக் குடித்தவர் தெளிவதற்கு இலை காரணமா, கோப்பையைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தது காரணமா என்பது திறந்த வினா. அவ்விலையை நினைவுப் பொருளாகக் கொண்டுவருவது மட்டும் இந்தியா உட்படப் பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

5. பன்னிரு கோணக் கல்: ஒரு கருதுகோள்

நகரின் நடுச் சதுக்கத்திலிருந்து சான் பிளாஸ் குன்றுப் பகுதிக்கு ஏறும் வழியில், ஹாதுன் ருமியோக் தெருச் சுவரில், சாந்து பூசாமல் அண்டைக் கற்களோடு இழைந்து நிற்கும் பன்னிரண்டு கோணக் கல் ஒன்று உள்ளது. இன்கா ரோக்கா மன்னனின் அரண்மனைச் சுவரின் பகுதி என்று சொல்லப்படும் அதன் சிற்ப நுட்பம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும், அதன்முன் கூட்டம் கலையாமல் நிற்பதற்கு நுட்பத்தை மட்டும் காரணமாகக் கூற இயலாது. கடும் ஏற்றம் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. முதல் எண்ணிக்கையில் பதினொன்றும், அடுத்ததில் பதின்மூன்றும், மூன்றாவதில் பன்னிரண்டும் வருவதற்கு ஆகும் நேரமே, இளைத்த நெஞ்சு பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம் எனவும், கலை ரசனை என்ற பெயரில் கௌரவமாக மூச்சு வாங்க அக்கல் இடமளிக்கிறது எனவும் இக்கட்டுரை முன்மொழிகிறது.

6. மறுப்பும் முடிவும்

முதல் நாளை வெறுமையாக விட்டால் ஒரு நாள் வீண் என்பது அட்டவணைவாதிகளின் மறுப்பு. அதற்கு விடை நிலவியலிலேயே உள்ளது. மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் தாழ்வாக, 2,430 மீட்டரில் இருக்கிறது. அங்குச் செல்லும் ரயில் புறப்படும் ஒயாந்தைதாம்போவும் சுமார் 2,800 மீட்டரில்தான் உள்ளது. ஆகவே, விமானத்திலிருந்து இறங்கிய கையோடு ஒயாந்தைதாம்போ இருக்கும் பள்ளத்தாக்குக்குப் போய்ப் படுத்து, மச்சு பிச்சுவை முடித்துக்கொண்டு, கடைசியில் குஸ்கோவுக்கு ஏறுவதே சிறந்த வரிசை. சாண் ஏறி முழம் சறுக்குவதை இழப்பாகக் கருதும் பழமொழி இங்குச் செல்லாது. இங்குச் சறுக்கலே சிகிச்சை.

இவ்விதியை அறிந்தும் முதல் நாள் கட்டத்தைக் காலியாக விட மனம் வராமல், ‘மாலை 4 மணி: ஓய்வு’ என்று எழுதி, ஓய்வையும் ஒரு பார்வையிடமாக்குவோர் உளர். அவர்களைக் குறித்தும் கவலைப்படத் தேவையில்லை. காணாமற்போனதாக மேலே குறிப்பிட்ட கோல் உண்மையில் தொலைந்துவிடவில்லை. ஒவ்வொரு பயணியும் அதைத் தம் உடலாகவே கொண்டுவருகிறார். அட்டவணை என்ன சொன்னாலும், முதல் நாள் இரவில் அது விடுதிக் கட்டிலில் ஒரே குத்தில் முழுதும் புதைகிறது. புதைந்த இடத்தில் தங்க வேண்டும் என்பதே சூரியனின் கட்டளை.