உப்புக் கணக்கு

வாடா பேராண்டி, கொழும்புக்காரா. மாசம் ஒன்னு முடியாத புள்ளைக்கு உப்புத்தண்ணி கரைக்கிறியாமே? போன்ல எவனோ சொன்னானா? சொல்லுவான், அவன் வீட்டுப் புள்ளையா குடிக்கப் போகுது? மஞ்சளா, எளக்கமா போறான்னு பயந்துட்ட. தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு அப்படித்தான் போகும். இந்த இஸ்தோப்புல குந்து.

நீ சம்பளத்தன்னைக்கே ஹட்டன் டவுன்ல பாதிய விட்டுட்டு வர்ற ஆளு. ஒம் மகன் கெட்டிக்காரன். ஒரு லீட்டர் தாய்ப்பால்ல கால் தேக்கரண்டி உப்புக்கூட தேறாது. அதுலதான் அவன் வளரணும். அதனால ஒரு சிட்டிகையக்கூட வெளிய விடமாட்டான்.

எப்படின்னு நீ கேக்க மாட்ட, நானே சொல்றேன். மேட்டுல தொரை பங்களா, கீழ லயம். அதே மாதிரி சிறுநீரகத்து மேல ஒரு சுரப்பி குந்தியிருக்கு. அங்கருந்து அல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன், 'உப்ப விடாத'ன்னு உத்தரவோட ரத்தத்துல எறங்கும். பச்சப்புள்ளைக்கு அது நம்மளவிடக் கூடுதலா சுரக்கும். சிறுநீரகம் புது ஆளு, உத்தரவு சரியா காதுல ஏறாது. பெருங்குடல் பழைய கணக்கப்பிள்ளை. போற கழிவ வாசல்ல நிறுத்தி உப்ப உருவிட்டுத்தான் அனுப்பும். கொழுந்து நிறுக்கையில ரெண்டு கிலோ கழிப்பாங்களே, அந்தக் கைதான். என்ன, இது கழிக்கிறது வீட்டுக்கே வந்து சேரும்.

இதுக்கு மேல நீ அள்ளிக் கொட்டுனா, மிச்சத்த வெளிய தள்ள அந்தப் பிஞ்சு சிறுநீரகத்துக்கு வலுவில்ல. ரத்தத்துல உப்பேறி வலிப்பு வரும்டா.

அபூர்வமா சில புள்ளைக்குப் பொறவியிலயே அந்த ஹார்மோன் ஊறாது. ரெண்டாம் மூணாம் வாரத்துல வாந்தி, மெலிவு, பாலும் குடிக்காது. அப்ப மந்திரிச்சுக்கிட்டு நிக்காம டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடு. 2017ல மோடி வந்து தொறந்தாரே, நீகூட கொடி ஆட்டுனியே, அதேதான். அவங்க குடுக்குற மருந்தும் உப்பும் டாக்டர் கணக்கு, ஒங்கணக்கு இல்ல.

நெசமாவே வயித்தால போனா தாய்ப்பால நிறுத்தாத, மிட்வைஃப் அம்மாகிட்ட காட்டு. ஜீவனிப் பொடி கரைச்சுக் குடுக்கச் சொன்னா ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லீட்டர் கொதிச்சாறுன தண்ணி. சிறுகுடல்ல சீனியும் உப்பும் கைகோத்து ஒரே கதவால நொழையும், அதான் அதுல குளுக்கோசு. 1971ல மேற்கு வங்காளத்து அகதி முகாம்ல திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டர் இதே மாதிரி உப்பும் குளுக்கோசும் ட்ரம்முல கரைச்சு, காலரா கண்டவங்களக் காப்பாத்துனாரு. அவரு அளந்து கரைச்சாருடா, ஒன்ன மாதிரி கண்ணளவு இல்ல.

சரி, அந்த உப்புப் போத்தல இங்க குடு. ரொட்டிக்கு மாவப் போட்டுட்டு அப்பாயி காலையிலருந்து தேடுறா.