திரைப்பாடல்களை மீண்டும் தடைசெய்யக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தலைமை இயக்குநர், ஆகாசவாணி, புது தில்லி.
பொருள்: திரைப்பாடல் ஒலிபரப்பை மறுபடியும் நிறுத்திவைக்கக் கோருதல்.
பார்வை: இதே நிறுவனம் 1952இல் எடுத்த நடவடிக்கை.

தனக்குப் பிடித்துப்போன பாட்டை அடுத்தவர் காதிலும் ஏற்றிவிட வேண்டும் என்ற அரிப்பு, பாட்டு பிடித்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் இந்த அரிப்பை வளர்த்து ஆளாக்கியதில் ஆகாசவாணிக்கு உள்ள பங்கு உரிய முறையில் பாராட்டப்படவில்லை. திரைப்பாட்டை ஒலிபரப்பி அந்நிறுவனம் செய்த தொண்டைப் பலரும் அறிவர். ஒலிபரப்பாமல் செய்த தொண்டு அதைவிடப் பெரிது.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் 1962 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். நாட்டு மக்களின் காது கெட்டுக்கிடக்கிறது என்பது அவர் கண்ட நோய். திரைப்பாட்டுதான் அந்த நோயின் மூலம். அதற்குரிய நேரம் மொத்த ஒலிபரப்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. எந்தப் பாட்டு ஒலிபரப்பத் தக்கது என்பதை அதிகாரிகள் கேட்டுப் பார்த்து முடிவு செய்தனர். பாடியவர் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் விளம்பரமாகிவிடும். படத்தின் பெயரே வராத பாட்டால் தமக்கு என்ன லாபம் என்று கருதிய தயாரிப்பாளர்கள், கொடுத்திருந்த ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். தடை என்று ஓர் ஆணை எழுத வேண்டிய அவசியம்கூட நேரவில்லை. முறைத்துக்கொண்ட சம்பந்திகள் இருவருமே பந்தியை விட்டு எழுந்துவிட்டதைப் போல, சில மாதங்களில் அரசு வானொலியிலிருந்து திரைப்பாட்டு அநேகமாக ஒழிந்தது.

ஒழிந்த இடம் வீணாகவில்லை. 1952 ஜூலையில் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. 1954இல் ஆகாசவாணி சங்கீத சம்மேளனம் வந்தது. வித்வான்களைத் தேர்வுக்கு உட்கார வைத்துத் தரம் பிரிக்கும் முறை நிலைபெற்றது. திரைப்பாட்டுக்கு மாற்றாக, நிலையத்திலேயே தயாரான மெல்லிசை அறிமுகமாயிற்று. இதில் பகடிக்கு அதிக இடமில்லை. சபா வாசலை மிதிக்க வழியில்லாத பல்லாயிரம் பேர் திண்ணையில் உட்கார்ந்தபடியே முதல்தரக் கச்சேரி கேட்டது இந்த ஏற்பாட்டால்தான். கேட்டவர்கள், கச்சேரி முடிந்ததும் ரேடியோவின் முள்ளைத் தெற்கே திருப்பியதும் உண்மை.

தெற்கே கொழும்பு இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமை, தன் சிப்பாய்களுக்காக இலங்கையில் ஒரு வானொலியை நடத்தியது. கொழும்புக்கு வடக்கே ஏக்கல என்ற இடத்தில் அதற்காக நிறுவிய சிற்றலைப் பரப்பி, அந்நாளில் இந்தப் பிராந்தியத்தின் வலுவான பரப்பிகளில் ஒன்று. போர் முடிந்து, அந்தச் சாதனம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டம்பர் 30 அன்று ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. விற்பதற்கு நேரம், வீசுவதற்குச் சக்தி, இரண்டும் கைவசம். குறைவாக இருந்தது பசியோடு காத்திருக்கும் நேயர் கூட்டம் மட்டும். இரண்டே ஆண்டில் அதையும் இந்திய அரசு ஏற்பாடு செய்து கொடுத்தது.

1952 டிசம்பரில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கியது. ஒரு பற்பசையின் தயவில், அமீன் சயானியின் குரலில், வாரந்தோறும் புதன்கிழமை இரவு இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்திய நிகழ்ச்சி அது. பாட்டு பம்பாயில் உருவானது; பேச்சும் பம்பாயிலேயே பதிவானது; நாடா விமானம் ஏறிக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஆகாய மார்க்கமாகப் பம்பாய் வீடுகளுக்குத் திரும்பி வந்தது. உள்நாட்டுச் சரக்கை அயல்நாட்டுக்கு அனுப்பி, மறுபடி அதையே இறக்குமதி செய்து அனுபவிக்கும் இந்தப் பொருளாதாரம் எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. விளம்பரப் பணம் மட்டும் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டது.

தமிழ் நேயர்களுக்குக் கடல் இன்னும் குறுகலாக இருந்தது. மயில்வாகனன், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று கொழும்பில் அடுத்தடுத்து வந்த தமிழ் அறிவிப்பாளர்கள் இங்குள்ள நடிகர்களுக்கு நிகராகப் பேசப்பட்டனர். காலையில் அவர்களுடைய ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சியை வைக்காத டீக்கடைக்குக் கூட்டம் சேர்வது சிரமம். ‘சிலோன் வை’ என்றால் பாட்டுப் போடு என்று பொருள்பட்ட ஊர்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். சிற்றலையில் பாட்டு ஒருமுறை கிட்டே வரும், ஒருமுறை எட்டிப் போகும், நடுவே வேறேதோ நாட்டுச் செய்தி எட்டிப் பார்க்கும். சரணத்தின் பாதியை அலை விழுங்கிவிட்டால், விழுங்கிய பகுதியைத் தெரிந்தவர் யாராவது உரக்கப் பாடி நிரப்புவார். கேட்பதும் பகிர்வதும் தனித்தனி வேலைகளாகப் பிரியாத காலம்.

பகிர்வதற்கென்றே ஏற்பட்ட கருவி அஞ்சலட்டை. பிடித்த பாட்டு, படம், கேட்பவர் பெயர், அவர் தம்பி தங்கை பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அதில் அடங்க வேண்டும். எழுத்து பொடியாகும்; விலாசப் பக்கத்திலும் இரண்டு பெயர் ஏறும். அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் பாட்டுக்கான நேரத்தில் ஒரு பகுதி போய்விடும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அஞ்சலட்டை எழுதுபவருக்குப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அவர் விரும்பிக் கேட்டது பாட்டை அல்ல என்பது வானொலி நிலையங்கள் அனைத்துக்கும் தெரிந்த ரகசியம்: இந்தப் பாட்டை இன்னார் விரும்பினார் என்று நாடறிய வேண்டும். இப்போது ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி திலையா என்ற அப்பிரகச் சுரங்க ஊர், விருப்பப் பாட்டுக் கேட்டே இந்தியா முழுவதும் பேர் வாங்கியது. அங்கிருந்து வந்த அட்டைகளின் பெருக்கத்தில், அப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆகாசவாணி கடைசியில் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது. பம்பாயுடன் சென்னைச் சிற்றலையிலும் ஒலித்தது. ஐந்தாண்டு பட்டினி போட்ட கை பாயசம் பரிமாற ஆரம்பித்தது. இராணுவத்தினர் விரும்பிக் கேட்பதற்கு ‘ஜெயமாலா’ வந்தது. சென்னையில் ‘தேன்கிண்ணம்’ வந்தது. 1967இல் விளம்பரமும் வந்தது. அதாவது கொழும்பு செய்ததையெல்லாம் தில்லியும் செய்தது, சற்றே தாமதமாகவும், சற்றே முகத்தைச் சுளித்துக்கொண்டும்.

நிறுத்திவைப்பதில் இந்நிறுவனத்துக்கு உள்ள தேர்ச்சி இந்த ஒரு விவகாரத்தோடு முடிந்ததும் அல்ல. 1940 மார்ச்சில் விலக்கப்பட்ட ஆர்மோனியம், வெள்ளைக்காரன் போய் இருபது ஆண்டுக்கு மேலாகியும் நிலையத்துக்குள் நுழைய முடியாமல், 1971இல்தான் தளர்வு பெற்றது. அது வெளியே நின்ற முப்பது ஆண்டிலும் நாடகக் கொட்டகைகளிலும் பஜனை மடங்களிலும் ஓயாமல் வாசிக்கப்பட்டது. அவசரநிலைக் காலத்தில், அரசின் இருபது அம்சத் திட்டப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்க மறுத்த கிஷோர் குமாரின் பாடல்கள் 1976 மே மாதம் முதல் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிறுத்தப்பட்டன. ரசிகர்கள் அவரை மறந்துபோனதாகத் தகவல் இல்லை.

இப்போதைய நிலை பரிதாபமானது. இடையில் கொஞ்ச காலம் ரெக்கார்டிங் சென்டர்கள் பிழைத்தன. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, கேசட் நிறையக் காத்திருந்து, நண்பருக்குக் கொடுத்து, அது திரும்பி வராமல் போகும் கட்டம் வரை பகிர்தலில் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்று உலகத்துப் பாட்டெல்லாம் சட்டைப்பையில் கிடக்கிறது. ஆகவே யாரும் யாரிடமிருந்தும் பாட்டைப் பெற்றுக்கொள்வதில்லை. ஒருவர் இணைப்பை அனுப்புகிறார். பெற்றவர் உயர்த்திய கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். பாட்டு திறக்கப்படுவதில்லை. திறந்தாலும் முப்பது விநாடி போதும். ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு முறை கேட்டதாகிவிடும். ஆண்டு முடிவில் அதே நிறுவனம், இன்னார் எதை எத்தனை நிமிடம் கேட்டார் என்று வண்ணப் பட்டியலாக்கித் தருகிறது. நாட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே வாரத்தில் அவரவர் பட்டியலை நீட்டுவதால், வாங்கிப் பார்க்க ஆளில்லை. அஞ்சலட்டையில் இருந்த பெயர்ப் பசி அப்படியே இருக்கிறது. வாசித்துச் சொல்லும் அறிவிப்பாளர்தான் இல்லை. இந்த ஏமாற்றத்தில் சிலர் பேருந்திலும் ரயிலிலும் கைப்பேசியை உரக்க அலற விட்டுப் பகிரத் துணிகின்றனர். கேட்கத் தயாராக இல்லாத காதில் பாட்டை ஊற்றும் இந்த முறையைக் கேஸ்கர் காலத்து அதிகாரிகள்கூட யோசித்ததில்லை.

எனவே பழைய மருந்து தேவைப்படுகிறது. 2023இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயரையே புழக்கத்திலிருந்து நிறுத்தி, ‘ஆகாசவாணி’ மட்டும் போதும் என்று அறிவித்த நிறுவனத்துக்கு நிறுத்தும் பழக்கம் விட்டுப்போகவில்லை என்பது தெளிவு. திரைப்பாட்டு எல்லா வழியிலும் விலக்கப்பட வேண்டும். கைப்பேசியும் இதில் அடக்கம். படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதி தனியாகவும் கண்டிப்பாகவும் அமலாக வேண்டும். பெயர் தெரியாதிருந்த காலத்தில் இது எந்தப் படம், இசை யாருடையது என்று சலூனில் ஒரு பகல் முழுக்க விவாதம் நடந்தது. போனை நீட்டினால் பாட்டின் ஜாதகத்தையே ஒப்பிக்கும் செயலிகள் அந்தத் தொழிலை அழித்துவிட்டன. விருப்பம் தெரிவிக்க அஞ்சலட்டையைத் தவிர வேறு வழி இருக்கலாகாது. பதில் வரப் பல வாரம் ஆக வேண்டும். வராமல் போகவும் இடமிருக்க வேண்டும்.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் சொற்பம். கேஸ்கருக்கு இணையான ரசனையுள்ள அமைச்சர் இன்று கிடைப்பாரா என்பது ஒன்று. ரசனை தேவையில்லை, பிறர் ரசனை மட்டமானது என்ற உறுதி இருந்தால் போதும், அதற்கு எந்த அமைச்சரவையிலும் தட்டுப்பாடு இருந்ததில்லை. தயாரிப்பாளர்கள் ஒத்துழைப்பார்களா என்பது இன்னொன்று. 1952இல் அவர்கள் காட்டிய ரோஷம் இப்போது உரிமைத் தொகையாக உருமாறியிருக்கிறது; அதைக் கொஞ்சம் குறைத்தால் தாமாகவே உரிமத்தைத் திரும்பப் பெறுவர். விலக்கப்பட்ட பாட்டைக் கேட்க மக்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி, சென்ற முறை கேட்கப்படாமலே விடப்பட்டது. இம்முறை அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நிர்வாகத்துக்கு அழகு.

நகல்: இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்பு. பற்பசை விளம்பரதாரரை இப்போதே பேசி வைக்கும் பொருட்டு.