தூண்டிற்கோலின் விலையும் மீனின் அறியாமையும்: ஓர் ஆராய்ச்சி

போலி ஈயைக் காட்டி மீனை ஏமாற்றும் ஃபிளை ஃபிஷிங் கலையில், கோலின் விலைக்கும் கூடையின் கனத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே இவ்வாய்வின் பொருள். போர், பஞ்சம் முதலிய சில்லறைச் சிக்கல்களைப் பிறர் கவனித்துக்கொள்வதால் இது நம் பொறுப்பாயிற்று.

இத்துறையின் பழஞ்சான்று ரோமாபுரி ஈலியானுஸ் எழுதிவைத்தது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்தவர். மாசிடோனியா ஆற்றங்கரை மக்கள் முள்ளில் செங்கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டைக் கட்டி, ஆறடிக் கோலில் ஆறடிக் கயிறு கோத்துப் புள்ளி மீன் பிடித்தார்கள் என்கிறார். கோல் என்ன விலை என்பதை மட்டும் விட்டுவிட்டார். அறிஞர்களின் இந்த அலட்சியத்தால் பிற்காலத்தில் எத்தனை வீடுகளில் சண்டை வந்ததோ!

இனி இலக்கணம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும். நரம்பு அதன் பின்னே ஓடும். இங்கே முள்ளில் இருப்பதோ இறகும் நூலும், ஊதினால் போய்விடும். ஆகவே கயிறே கனமாக இருந்தாக வேண்டும். அதைப் பின்னால் வீசி, அது நீண்டு விரியும்வரை பொறுத்திருந்து, முன்னால் வீச வேண்டும். அப்போது கோல் வளைந்து, வெடுக்கென நிமிர்ந்து, அங்கேயே நிற்க வேண்டும். நின்ற பிறகும் நுனி தலையாட்டிக்கொண்டிருந்தால் கயிற்றில் நெளிவு விழும். ஈ பாதி வழியில் படுத்துவிடும். எனவே நல்ல கோலாவது விரைந்து அடங்கும் கோல் என்க.

கோலுக்கேற்ற கயிறும் வேண்டும். கோலில் 5 என்று பொறித்திருந்தால் 5ஆம் எண் கயிறுதான் கோக்க வேண்டும். அதன் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். டிரவுட் மீன் பிடிக்க ஒன்பதடி நீள 5ஆம் எண் கோலே பெருவழக்கு.

அற்றேல், ஆயிரம் டாலர்க் கோலில் கூடுதலாக என்ன இருக்கிறது எனின், கூறுதும். சில கிராம் எடை குறையும். நுனி சீக்கிரம் அடங்கும். கைப்பிடித் தக்கையில் ஓட்டை இராது. எல்லாவற்றுக்கும் மேலாக உத்தரவாதம் உண்டு: ஆர்விஸ் நிறுவனம் 25 ஆண்டு தருகிறது. கோல்கள் மீனிடம் உடைவதைவிடக் கார்க் கதவில் உடைவதே அதிகம் என்பது இக்குலத்தார் ஒப்புக்கொண்ட செய்தி. ஆக, நாளை உடையப்போகும் கோலின் விலையையும் இன்றே கட்டிவிடுகிறோம். கதவைப் பார்த்துச் சாத்துகிறவர் பாராமல் சாத்துகிறவருக்காகவும் பணம் கட்டுகிறார்.

விலையேறிய கோலே தூரம் வீசும் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? இன்றைய விலையேறிய கோல்களின் மூலமான கார்பன் இழைக் கோலை ஃபென்விக் நிறுவனம் 1973இல்தான் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஜோன் உல்ஃப் அம்மையார் 1960இலேயே 161 அடி வீசிவிட்டார். அது கிடக்கட்டும், அவ்வளவு தூரம் எதற்கு? மலை ஓடையில் டிரவுட் பெரும்பாலும் 30 அடிக்குள்தான் நிற்கும். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட டிரவுட்டுக்கும் இதே குணம். பாறையும் புதரும் சூழ்ந்த அவ்விடங்களில் 60 அடி வீசினால் கிடைப்பது மரக்கிளை. மேலும், விலையுயர்ந்த விறைப்பான கோல்கள் பல, நீளக் கயிறு வெளியே இருந்தால்தான் வளையும். 20 அடியில் அவை வெறும் கம்பு. புதிதாகக் கற்பவர் இந்தக் கம்பைத்தான் அதிகப் பணம் கொடுத்து வாங்கி வருகிறார். ஜப்பானிய மலைக்காரர்களின் தென்காரா முறையில் கயிறு சுற்றும் சுருள்சக்கரமே கிடையாது. மீன் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

அப்படியானால் விலையின் பயன் யாது? இங்கே எம் புதுக் கொள்கையை முன்வைக்கிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மலிவுக் கோல் வைத்திருப்பவருக்குக் கூடம் எப்போதும் கோணலாகவே இருக்கும்; வெறுங்கையோடு வந்தாலும் தலைநிமிர்ந்து வரலாம். விலை ஏற ஏற அந்தச் சாக்கு தேய்கிறது. ஆயிரம் டாலரைத் தாண்டியதும் பழிபோட மிச்சம் இருப்பது காற்றும், நிலவும், கூட வந்த மைத்துனரும்தான். இதனாலேயே பெரிய விலைக் கோல்காரர்கள் வானிலை பற்றி அவ்வளவு பேசுகிறார்கள்.

மிக மலிவான கோலுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வளையம் கழன்று, இணைப்பு ஆடி, நுனி தொங்கும் கோல் கற்பவரைத் துரத்திவிடும். நடுத்தர விலையே போதும். மிஞ்சும் பணத்தை நல்ல கயிற்றிலும், வீசக் கற்றுத்தருபவரிடமும் செலவிடலாம். கடைக்குள் நின்று கோலைச் சும்மா குலுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். கயிறு கோத்து, வெளியே புல்தரையில் 30 அடி வீசிப் பாருங்கள். கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.