எரிகோவில் இடிக்கச் சுவரில்லை

பைபிள் கதையில் எரிகோ நகரைப் பிடிக்க யோசுவா செய்த படையெடுப்பு ரொம்பச் சிக்கனமானது. ஏணி இல்லை, கவண் இல்லை. ஆறு நாள் ஊரை ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, எக்காளம், ஒரு கூச்சல். கச்சேரி பல்லவியைத் தாண்டுவதற்குள் மதில் பொலபொலவென்று விழுந்துவிட்டது. 1930-களில் ஜான் கார்ஸ்டாங் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டி, சரிந்து கிடந்த ஒரு மதிலைக் காட்டி, 'அதுதான் இது' என்றார். பக்தர்களுக்கு ஒரே குதூகலம்.

1952-ல் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்.

பைபிள்மேல் அம்மாளுக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போகிறவர். அப்பா ஃபிரெடரிக் கென்யன் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநராக இருந்தவர், பைபிள் சுவடிகளில் கரை கண்டவர். ஆனால் மகளுக்குப் பழக்கம் சின்ன வயசிலேயே கெட்டுவிட்டது. 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனோடு கிரேட் ஜிம்பாப்வே போனார். அங்கிருந்த பிரம்மாண்டமான கல் மதில்களை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்கவே முடியாது, சேபா நாட்டு ராணிதான் கட்டினாள் என்று வெள்ளைக்காரக் குடியேறிகள் சாதித்துக்கொண்டிருந்த காலம். பெண்கள் மட்டுமே கொண்ட அந்தக் குழு தோண்டிப் பார்த்து, 'கட்டியது ஆப்பிரிக்கர்களே' என்றது. ராணிக்கு வேலை போயிற்று.

அடுத்து மார்ட்டிமர் வீலரிடம் பயிற்சி. 1945-ல் நம் அரிக்கமேட்டைத் தோண்டினாரே, அதே மீசைக்காரர்தான். குழியின் பக்கங்கள் நூல் பிடித்தாற்போல் நிற்கவேண்டும், அதில் தெரியும் ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் சீட்டுக் குத்தவேண்டும் என்பது அவர் கட்டளை. கென்யன் குருவை மிஞ்சினார்.

அந்தப் பிடிவாதத்தால் 1953-ல் எரிகோவில் பெரிய பொக்கிஷம் ஒன்று கைநழுவப் பார்த்தது. குழிச்சுவரில் ஒரு மண்டையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சீசன் முழுக்க யாரையும் அதைத் தொட விடவில்லை. எடுத்தால் சுவரின் நேர்த்தி கெட்டுவிடுமாம்! படமெல்லாம் வரைந்து முடித்து, மூட்டை கட்டுகிற நேரத்தில்தான் மனசு இரங்கியது. எடுத்துப் பார்த்தால் மண்டையோட்டுக்குமேல் சாந்து பூசி முகம் வனைந்திருக்கிறார்கள், கண்ணுக்குச் சிப்பி. உள்ளே இன்னும் இரண்டு தெரிந்தன. தோண்டத் தோண்ட மொத்தம் ஏழு. ஏறக்குறைய ஒன்பதாயிரம் வருஷத்து முகங்கள். கட்டிய மூட்டையை யாரும் தூக்கவில்லை.

மதில் விவகாரம் என்ன ஆயிற்று? கார்ஸ்டாங் காட்டியது யோசுவாவுக்குச் சுமார் ஆயிரம் வருஷம் மூத்தது என்று மண்ணடுக்குகள் சொல்லிவிட்டன. எரிகோ கடைசியாக எரிந்ததே கி.மு. 1550 வாக்கில், யோசுவா வந்ததாகச் சொல்லும் நாளில் அங்கே மதிலும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஊரும் இல்லை. எக்காளம் ஊதியிருந்தால் கேட்க ஆள் தேறியிருக்குமா என்பதே சந்தேகம். பதிலுக்கு எரிகோவுக்கு அம்மாள் ஒரு கோபுரம் தந்தார்: எட்டரை மீட்டர் உயரம், உள்ளே 22 படி, வயசு பத்தாயிரம். பேரம் லாபம்தான். பக்தர்கள் அப்படி நினைக்கவில்லை.

கென்யன் 1978-ல் காலமானார். 1990-ல் பிரையன்ட் உட் என்பவர், 'அம்மாள் கணக்குத் தப்பு, எரிந்தது கி.மு. 1400-ல், யோசுவா காலத்தில்தான்' என்று கிளம்பினார். மறுத்துப் பேச அம்மாள் இல்லை. ஆனால் எரிகோவில் கருகிப்போன தானியம் மிச்சமிருந்தது. அதைக் கார்பன் சோதனைக்கு அனுப்பி 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். யோசுவாவின் தேதிக்கு நூறு வருஷத்துக்குமேல் மூத்த தானியமாம்.