பளு தூக்கினால் வேகம் குறையுமா?

கேள்வி: பளு தூக்கினால் உடம்பு கனத்து, ஓட்டம் மந்தமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? (ராயபுரம் வாசகர்)

பதில்: துறைமுகத்து கிரேனுக்கும் பலம் உண்டு, ஆனால் ஓடாது! ஓட்டக்காரருக்கு வேண்டியது கண்ணிமைக்கும் நேரத்தில் வெளிப்படும் பலம். முழு வேகத்தில் பாதம் தரையில் நிற்பது சுமார் 0.1 விநாடிதான். அதற்குள் தரையை யார் ஓங்கி உதைக்கிறாரோ அவரே முந்துகிறார். காலை வேகமாக வீசுவது மட்டும் போதாது. 2000-இல் பீட்டர் வேயண்ட் குழுவினரின் ஆய்வு காட்டியது இதைத்தான்.

அதற்குத்தான் ஸ்குவாட், டெட்லிஃப்ட், துள்ளல் பயிற்சிகள். வாரம் 2 நாள், குறைந்த எண்ணிக்கை, விசையோடு எழும்புதல், நடுவே நல்ல ஓய்வு. பின்தொடைத் தசையை மறக்கக் கூடாது. விரைவோட்டத்தில் அடிக்கடி காயப்படுவது அதுதான்.

பி.டி. உஷா பய்யோலி கடற்கரை மணலில் ஓடிப் பலம் சேர்த்தவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்தார். நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் கைநழுவியது. அதே 55.42-ஐ 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் எட்டினார் கோவையின் வித்யா ராம்ராஜ்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருப்பதால் மணலுக்குப் பஞ்சம். அதனால் வடசென்னைப் பிள்ளைகள் பயிற்சியாளர் மேற்பார்வையில் பளு தூக்கட்டும். ஓட்டத்தை மைதானத்தில் வைத்துக்கொள்ளட்டும்.