விடுதி அறை முதலாளி

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில், இரண்டாம் ஆண்டின் நடுவே தோன்றி, நான்காம் ஆண்டில் வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள் வளாகத்துக்குள் வந்ததும் காணாமற்போகும் ஓர் இனத்தவர் உண்டு. படித்துக்கொண்டே தொழில் நடத்துபவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இந்த மாணவ முதலாளி பெரும்பாலும் டி-ஷர்ட் வியாபாரியாகவே இருக்கிறார். சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர் இருக்கும்போது வேறு தொழில் தேடுவது வீண் அலைச்சல் என்பது அவர் துணிபு. துறைக்கொரு டி-ஷர்ட், சிம்போசியம் எனப்படும் துறைக் கருத்தரங்குக்கொன்று, கலைவிழாவுக்கொன்று, பிரியும் நாளில் நண்பர்கள் கையெழுத்திடுவதற்கென்றே வெள்ளையில் ஒன்று எனக் கல்லூரியே ஆண்டு முழுவதும் காரணம் கற்பித்துத் தருவதால், அவர் சந்தையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தை பக்கத்துப் பெஞ்சில் உறங்கிக்கொண்டிருக்கிறது.

தொழில் தொடங்கும் முன்பே அவர் நிறுவனராகவும் தலைமைச் செயல் அலுவலராகவும் பதவியேற்றுவிடுகிறார். சிறு தொழில்களுக்கென மத்திய அரசு 2020 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த உத்யம் பதிவு கட்டணமின்றி இணையத்திலேயே கிடைப்பதால், முதல் டி-ஷர்ட் தைக்கப்படும் முன்னரே அதன் சான்றிதழ் அச்சாகி, விடுதிச் சுவரில் அரியர் எனப்படும் தேறாத தாள்களின் பட்டியலுக்கு மேலே ஒட்டப்பட்டுவிடுகிறது. பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதை அவர் அறிவார். மாதம் 9,000 ரூபாய்க்கு விற்கும்போதே, கைமீறி அந்த எல்லையைத் தாண்டிவிடுவோமோ என்று அவர் கவலைப்படுவதைக் காண்பவர் மனம் உருகும்.

அவருடைய கல்வி உண்மையில் நடைபெறும் இடம் திருப்பூர்க் காதர்பேட்டை. பனியன் கம்பெனிகளில் மிஞ்சியவையும் கழிக்கப்பட்டவையும் மலிவாகக் கைமாறும் அந்தக் கடைத்தெருவில், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிறுக்கும் என்பதைக் குறிக்கும் ஜிஎஸ்எம் என்னும் அளவையும், நொதியைக்கொண்டு துணியின் மேற்பிசிறை நீக்கும் பயோ வாஷ் என்னும் சலவையையும், வெப்ப இயக்கவியலுக்கு ஒருநாளும் தராத கவனத்தைத் தந்து அவர் கற்கிறார். துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டி, நெற்றியைச் சுருக்கி, "180 வருமா?" என்று அவர் கேட்கும் தோரணையில் ஏமாந்து, பெரிய ஏற்றுமதியாளரின் வாரிசோ என்று எழுந்து நிற்கும் கடைக்காரர், வேண்டியது 60 உருப்படி என்று தெரிந்ததும் மறுபடி அமர்ந்து, "அறுபதுங்களா? அத வெளிய தொங்கறதுலயே எடுத்துக்குங்க தம்பி" என்கிறார்.

தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவம் போன்ற காரணம் காட்டினால் 65 வரை இறங்கலாம் என்று அண்ணா பல்கலைக்கழக விதி சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட நிலத்திலேயே மாணவ முதலாளி குடியிருக்கிறார். கல்லூரிப் பணியாக வெளியே சென்றவரை வந்தவராகவே குறித்துக்கொள்ளும் ஓ.டி. என்னும் ஏற்பாட்டுக்காக அவர் துறைத்தலைவரின் அறை வாசலில் காத்து நிற்க, வருகைக் குறைவுக்காக அவரைக் காலையில் கடிந்துகொண்ட அதே துறைத்தலைவர், சிம்போசியத்துக்கு 200 டி-ஷர்ட் வேண்டும் என்றும், "நம்ம பையன்" என்பதால் விலை குறைய வேண்டும் என்றும் மாலையில் சொல்லியனுப்புகிறார். கல்வியும் தொழிலும் சமநிலை காண்பது இந்த ஒரு தருணத்தில்தான். அதிலும் நட்டம் தொழிலுக்கே.

அவருடைய கணக்குப் புத்தகம் தனியே ஆராயத்தக்கது. 190 ரூபாய்க்கு வாங்கி 250க்கு விற்றால் லாபம் 60 என்று எழுதும் அவர், கிடங்காக விளங்கும் கட்டிலடிக்கும், அலுவலகமான கேன்டீன் மேசைக்கும், மின்சாரத்துக்கும், வைஃபைக்கும் வாடகை எழுதுவதில்லை. அவை அப்பா கட்டிய கட்டணத்தில் அடங்கியவை. அளவுவாரியாக மடித்து அடுக்கும் அறைத்தோழர்களுக்குக் கூலி பரோட்டாவாக வழங்கப்படுவதால் அதுவும் ஏட்டில் ஏறாது. ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட நேர்ந்த மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர்; அந்தப் பாடத்திலேயே அவருக்கு அரியர் இருப்பதால், அதையும் மறுதேர்வுக் கட்டணத்தையும் அவர் செலவில் சேர்ப்பதில்லை.

படிப்பு தம் தொழிலுக்குத் தடை என்று அவர் சொல்லாத நாளில்லை. பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டு விலகியது சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. அதே ஹார்வர்டு 2007இல் கேட்ஸுக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்ததை, அத்தனை அரியரையும் எழுதாமலே முடித்த செயலாகக் கருதி அவர் வியக்கிறார். ஆயினும் கல்லூரியை விடுவது பற்றிய அவருடைய முழக்கம் பருவத்தேர்வு அட்டவணை வெளியாகும் வாரங்களில் மட்டுமே உரத்து எழுந்து, பின் அடங்கிவிடுகிறது. காரணம் அச்சமன்று, வாயிலைத் தாண்டினால் அவருக்குக் கிடங்கில்லை, கூலியாளில்லை, வாங்குவோரும் இல்லை. எந்தக் கல்லூரி தம்மை அழுத்துகிறது என்கிறாரோ, அந்தக் கல்லூரிதான் அவருடைய ஒரே முதலீட்டாளர்.

நான்காம் ஆண்டில் கழுத்துப்பட்டை கட்டி நேர்காணலுக்குச் செல்லும்போது, நிறுவனம் முறைப்படி ஒரு ஜூனியருக்குக் கைமாற்றப்படுகிறது: அச்சடிப்பவரின் கைப்பேசி எண், ஒரு வாட்ஸ்அப் குழு, சிவில் துறையின் வராக்கடன், யாருக்கும் பொருந்தாத டபுள் எக்ஸ்எல் டி-ஷர்ட்டுகள் ஒரு மூட்டை. புதிய தலைமைச் செயல் அலுவலர் அன்றிரவே உத்யம் பதிவுக்கு அமர்கிறார். பழையவரோ, மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளில் வரவேற்புப் பையிலிருந்த டி-ஷர்ட்டை விரலிடையில் உருட்டிப் பார்த்து, "160தான், வாஷும் பண்ணல" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் தீர்ப்பு வழங்குகிறார்.